ஆயாவின் கறுப்பு ஜாக்கெட்: உள்தையலில் கிடைத்த வருஷம்

பிஸ்கட் டின்னுக்குள் நாலாக மடிந்து வந்தது அந்த ஜாக்கெட். கொண்டுவந்த அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது, தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குத் தெற்கே சாட்ஸ்வொர்த்தில் இருப்பவர். "இது எங்க ஆயாவோட ஆயா ஜாக்கெட்டு, மா. ட்ரூரோ கப்பல்ல கொண்டாந்தது. கல்யாண ஜாக்கெட்டு" என்று தமிழில் சொல்லிவிட்டு, மிச்சத்தை ஆங்கிலத்தில் தொடர்ந்தார். இங்குள்ள ஐந்தாம் தலைமுறைத் தமிழர்களின் பேச்சு அப்படித்தான். ஆயா, தாத்தா, பெரியம்மா, ரசம், காவடி எல்லாம் தமிழில் வரும். அவற்றைக் கோக்கிற வாக்கியம் ஆங்கிலத்தில் இருக்கும்.

கேட்டது இவ்வளவுதான். நவம்பர் 16 அன்று குடும்பம் மொத்தமும் கூடுகிறது. ஜாக்கெட்டைக் கிழிசல் தெரியாமல் சரிசெய்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் "1860" என்று ஓர் அட்டை வேண்டும். சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ டர்பனில் கரை தொட்ட நாள் 1860 நவம்பர் 16. அதிலிருந்து 1911 வரை, டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு; கப்பல் பட்டியலில் பெயர், வயது, ஊர், சாதி எல்லாம் இருக்கும். இந்தக் குடும்பத்திடம் அந்தப் பட்டியலின் நகல் இருக்கிறது. ஆயாவின் ஆயா உண்மையாகவே ட்ரூரோவில் வந்தவர். பட்டியலில் வயது இருபதை ஒட்டி இருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. சந்தேகமெல்லாம் ஜாக்கெட்டின் மேல்தான்.

நான் கும்பகோணத்தில் ரவிக்கை தைத்துப் பழகியவள். டர்பனில் கிரே தெருவை ஒட்டி (இப்போது டாக்டர் யூசுப் தாதூ தெரு, வாயில் வருவதென்னவோ பழைய பெயர்தான்) கடை வைத்துப் பதினாறு வருஷமாகிறது. பிழைப்பு கல்யாண ரவிக்கையிலும் பாவாடையிலும் ஓடுகிறது. பழந்துணி செப்பனிடுவது ஆசைக்குக் கற்றுக்கொண்ட வேலை.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். மடிந்து கிடந்த இடது கை ஓரத்தை நிமிர்த்தலாம் என்று நீராவி இஸ்திரியை இரண்டு அங்குலம் தள்ளிப் பிடித்தேன். தொடக்கூட இல்லை. பட்டு காய்ந்த வாழைச்சருகு போல நீளவாக்கில் மூன்று கோடாகப் பிளந்தது. அக்கா அப்போது எதிரில் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். மறுநாள் போன் செய்து சொன்னேன். "சரி மா, இன்னும் மிச்சம் இருக்குல்ல" என்றார்.

அந்தப் பிளவே முதல் தடயமாகவும் ஆகிவிட்டது. பட்டு நூலில் இயற்கையாக ஒரு பசை உண்டு. சாயமிடும் முன் அதைக் காய்ச்சி எடுத்தால் எடை கால்வாசி குறையும். பட்டு விற்பதோ எடைக் கணக்கில். அந்த நஷ்டத்தை ஈடுகட்ட உலோக உப்பை ஏற்றுவார்கள். கறுப்புப் பட்டுக்கு இரும்பு உப்பும் துவர்ப்பும் முன்பே பழக்கத்தில் இருந்தன. வெள்ளீய உப்பை வண்டி வண்டியாக ஏற்றுவது 1890-களில் பெருகியது. துணி கனமாக விழும், நடந்தால் சரசரக்கும், கடையில் பார்க்க அமோகமாக இருக்கும். நூறு வருஷம் போனால் உப்பு நூலை உள்ளிருந்தே அறுத்துவிடும். பூச்சி அரித்தால் ஓட்டை விழும், இழுபட்டுக் கிழிந்தால் பிசிர் நிற்கும். இப்படி இழையோடு இழையாக நேர்க்கோட்டில் பிளப்பது எடை ஏற்றிய பட்டின் குணம். இதை வைத்து வருஷத்தை அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பார்வை நூற்றாண்டின் கடைசிப் பக்கம் திரும்பியது.

வெளிப்பக்கம்

தமிழில் ஜாக்கெட் என்றால் ரவிக்கை. டின்னில் வந்தது அதல்ல, வெள்ளைக்காரப் பெண்களின் கவுனில் மேல்பாதி. அந்தக் காலத்து உடுப்பு பெரும்பாலும் இரண்டு துண்டு: இடுப்புக்கு மேலே உடம்பைக் கவ்வும் சட்டை, கீழே தனிப் பாவாடை. பாவாடையில் கஜக்கணக்கில் துணி இருக்கும், பிரித்தால் ஒரு குழந்தைக்குப் பாவாடை சட்டையே தைக்கலாம். அதனால் அது நிலைக்காது. மேல்சட்டையில் இருபது சிறு துண்டுகள், ஒன்றும் மறுபடி உதவாது. உலகம் முழுக்கப் பெட்டிகளில் மேல்சட்டை மட்டும் மிஞ்சிக் கிடப்பதற்குக் காரணம் இந்தக் கஞ்சக் கணக்குதான்.

1860-ல் தைத்த மேல்சட்டை என்றால் தோள் தையல் மேட்டைத் தாண்டிப் புஜத்தில் இறங்கியிருக்கும். கைக்குழியைச் சுற்றி ஊசிப்பருமன் கயிறு வைத்த பைப்பிங் ஓடும். கை முழங்கைக்குக் கீழே மணி போல விரியும். இங்கே தோள் தையல் தோளிலேயே நிற்கிறது. கைக்குழி உயரத்தில், இறுக்கமாக. பைப்பிங் இல்லை. கழுத்துப்பட்டி தாடையை முட்டுகிற மாதிரி இரண்டேகால் அங்குலம் நிமிர்ந்து நிற்கிறது. கழுத்துப்பட்டி மேலும் மார்பின் குறுக்கேயும் கறுப்பு மணி வேலை.

மணியைப் பார்த்ததும் அக்காவின் தங்கை மகன், "இது விட்பி ஜெட், ரொம்ப விலை" என்றாராம். விட்பி இங்கிலாந்தின் கடலோர ஊர். அங்கே எடுக்கிற ஜெட், மரம் புதைந்து இறுகிய கறுப்புக் கல். 1861-ல் கணவனை இழந்த விக்டோரியா ராணி கடைசிவரை கறுப்பே உடுத்தினார். அந்தக் கல்லுக்கு மவுசு ஏறியது. ஜெட் இறகு போல இருக்கும், கையில் வைத்தால் வெதுவெதுப்பாக உணரும். இது சில்லிட்டது, கனத்தது. லென்ஸில் ஓரம் சிப்பி போலச் சில்லு விட்டிருந்தது. கண்ணாடிதான். அக்காவுக்கு முகம் வாடியது. ஆனால் வேலையைப் பாருங்கள்: ஒவ்வொரு மணியும் தனித்தனியாக அல்ல, முதலில் வலைத்துணியில் கொடிபோலக் கோத்து, அந்தக் கொடியை அப்படியே கொண்டுவந்து சட்டையில் பொருத்தியிருக்கிறார்கள். இப்போது நாம் ரெடிமேட் ஆரி பேட்ச் வாங்கி ரவிக்கைக் கையில் ஒட்டுகிறோமே, அதே சாமர்த்தியம்.

கறுப்பில் கல்யாணமா என்று என் மாமியார் வாயைப் பிளந்தார். வெள்ளைக்காரர்களுக்கு அந்நாளில் கறுப்புப் பட்டு துக்கத்துக்கு மட்டுமல்ல, விசேஷத்துக்கும் உரிய நல்ல உடுப்பு. நம் வீட்டில் யாரும் மணவறையில் இதைப் போட்டிருக்க வாய்ப்பில்லை. அதை அக்காவே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

உள்பக்கம்

தையல்காரிக்கு எந்த உடுப்பும் உள்பக்கத்தில்தான் பேசும். இதைத் திருப்பிப் போட்டு மூன்று நாள் உட்கார்ந்தேன்.

நீளத் தையல்கள் எல்லாம் மெஷின், அங்குலத்துக்குப் பதினாலு. மெஷின் தையலைப் பார்த்ததும் "1860 இல்லை" என்று எழுதிவிட்டு, பிறகு அடித்தேன். சிங்கருக்குக் காப்புரிமை கிடைத்தது 1851-ல். 1860-ல் மெஷினில் தைத்த உடுப்பு இருந்திருக்கலாம். இது சாட்சி ஆகாது.

லைனிங் பழுப்புப் பருத்தி. இந்தக் கால ரவிக்கையில் லைனிங்கைத் தனியாகத் தைத்து உள்ளே விடுவதும் உண்டு. இதில் பட்டுத் துண்டு ஒவ்வொன்றையும் அதே அளவு லைனிங் துண்டோடு முதலில் சேர்த்து நூல் ஓட்டி, இரண்டும் ஒரே துணி என்று பாவித்து மூட்டியிருக்கிறார்கள். தையல் விளிம்பு முழுக்கக் கையால் சுற்றிக் கட்டியது. இடுப்பு வளைவில் விளிம்பு இழுக்காமலிருக்கச் சின்னச் சின்ன வெட்டு. முன்பக்கம் பக்கத்துக்கு இரண்டு டார்ட் (உடம்பு வளைவுக்காகப் பிடிக்கிற கூம்பு மடிப்பு). தையல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு நாடா உறை, உறைக்குள் எலும்பு. மொத்தம் பதினோரு உறை. உறையை விளிம்போடு பிடிக்க மஞ்சள் பட்டு நூலில் மீன்முள் தையல். யார் கண்ணிலும் படாத இடத்தில் கறுப்புச் சட்டைக்குள் மஞ்சள் மீன்முள்! அந்தக் கைக்காரிக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

எலும்பு என்பது பேச்சுக்குத்தான். அந்நாளில் திமிங்கிலத்தின் வாய்ச்சல்லடையைக் கீறி வைப்பார்கள். அது நகம் மாதிரி ஒரு பொருள், முனை தேய்ந்தால் நார்நாராகப் பிரியும். இங்கே உறை முனைகளில் துரு வட்டம். டர்பனின் கடல் ஈரம் எஃகை விட்டுவைக்குமா? உள்ளே இருப்பது எஃகுப் பட்டை. 1860 மேல்சட்டையில் டார்ட்டிலும் பக்கத்திலும் சில எலும்புகளோடு முடித்துவிடுவார்கள். தையலுக்குத் தையல் எலும்பு, அதுவும் எஃகு, என்பது 1880-களுக்கு இப்பாலான பழக்கம். இடுப்பில் உள்ளே ஓர் அகல நாடா, முதுகுத் தையல்களில் மட்டும் பிடித்து, முன்னால் கொக்கியிட்டது. சட்டை மேலே ஏறாமல் இழுத்துப் பிடிக்க அது. பொன்னெழுத்தில் தையல்கடைப் பெயர் அச்சிடுவது இந்த நாடாவில்தான். இதில் எழுத்து முழுக்கத் தேய்ந்து பொட்டுப் பொட்டாகப் பளபளப்பு மட்டும் மிச்சம்.

ஒரு நுணுக்கம். முன் திறப்பில் பதினாறு கொக்கி. நம் ரவிக்கையில் ஒரு பட்டியில் கொக்கி, எதிர்ப்பட்டியில் வளையம். இதில் கொக்கி, வளையம், கொக்கி, வளையம் என்று இரண்டு பட்டியிலும் மாறிமாறி. மூச்சை இழுத்தாலும் ஒன்று தளர, அடுத்தது இறுகும். தானாக அவிழவே அவிழாது. பிறகு கடையில் ஒரு கல்யாண ரவிக்கைக்கு இதைச் செய்து பார்த்தேன். போட்டுவிட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஒரு ரவிக்கையோடு விட்டுவிட்டேன்.

கை

வருஷம் கிடைத்தது கையில். இப்போதைய கை ஒல்லி. ஆனால் கைக்குழித் தையலை ஒட்டி, பழைய ஊசித் துளைகள் வரிசையாக இருந்தன. தோள் மேட்டில் மட்டும் ஐந்து அங்குலத்துக்குள் முப்பதுக்கும் மேல் மடிப்புத் தழும்பு. அந்த இடத்தில் ஒரு காலத்தில் ஏராளமான துணி சுருக்கி ஏற்றப்பட்டிருக்கிறது. உள்ளே லைனிங் கை இரண்டு துண்டில், ஒல்லியாக, தொடப்படாமல் அப்படியே. அதன் மேல் பலூன் போல ஊதிய பட்டுக்கை நின்றிருக்க வேண்டும். ஆட்டுத்தொடைக் கை என்று ஐரோப்பியர் பெயர் வைத்த அந்த ஊதல் 1830-களில் ஒருமுறை வந்து போனது, மறுபடி 1893 முதல் 1896 வரை தலைவிரித்தாடியது. முதல் முறை வந்த காலத்தில் எஃகு எலும்பும் இல்லை, இந்தக் கழுத்தும் இல்லை. ஆக, இது 1893-க்கும் 1896-க்கும் நடுவில் தைத்தது. 1897 வாக்கில் கை சட்டென்று ஒடுங்கிற்று, ஊதிய கைக்காரிகள் எல்லாம் வெட்டிக் குறைத்துக்கொண்டார்கள்.

அடுத்தது அக்குள். இரண்டு அக்குளிலும் மேலே நாலரை சென்டிமீட்டர் அகலம், கீழே கூம்பி முடிகிற முக்கோணத் துண்டு வைத்துச் சட்டையை அகட்டியிருக்கிறார்கள். முக்கோணம் அதே பட்டுதான். லென்ஸில் பார்த்தால் அதன் குறுக்கே மடிப்புத் தழும்பு, அதே நெருக்கத்தில். கையிலிருந்து வெட்டிய துணி!

முதலில் நான் நினைத்தது ஒரே கதை: ஜாக்கெட் கிடைத்தது, வீட்டில் ஒருத்தி கையை வெட்டினாள், வெட்டியதை அக்குளில் வைத்துச் சட்டையைப் பெரிதாக்கினாள். எழுதியும் வைத்தேன். நாலாம் நாள் நூலைப் பார்த்தபோது அது உடைந்தது. கையை ஒடுக்கிய தையல் மெஷின், கறுப்புப் பட்டு நூல், முதல் தையலுக்குச் சமமான சுத்தம். முக்கோணத்தை வைத்த தையலோ கைத்தையல். கனத்த பருத்தி நூலை இரட்டையாகக் கோத்து, ஓட்டுத் தையல், நாலு ஓட்டுக்கு ஒரு கெட்டித் தையல், அங்குலத்துக்கு ஒன்பது. இரண்டும் ஒரு கை இல்லை, ஒரு வீடும் இல்லை. உறுத்தும் என்று முக்கோணத்துக்கு உள்ளே வைத்த லைனிங், நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட பருத்தி. தென்னாப்பிரிக்காவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஷ்வேஷ்வே. பசோத்தோ மக்களின் மன்னர் மொஷூஷூவின் பெயரிலிருந்து வந்ததென்று சொல்லப்படும் துணி. முழுக்க அவுரியில் தோய்த்து, பிறகு செப்பு உருளையால் அமிலம் தொட்டுப் புள்ளி புள்ளியாக நிறத்தை எடுப்பது. ஐரோப்பாவிலிருந்து வந்திறங்கி இந்நாட்டின் துணியாகவே ஆகிவிட்டது. புள்ளிகளின் தினுசு மாறாமல் இன்றுவரை அச்சடிக்கிறார்கள், அதனால் இதைக் கொண்டு வருஷம் சொல்ல முடியாது. புதுத் துணியை நாக்கில் வைத்தால் கஞ்சி உப்புக் கரிக்கும், அசல் என்று தெரிந்துகொள்ளலாம். அக்கா சட்டென்று குனிந்தார். கையைப் பிடித்துத் தடுத்தேன்.

அப்படியானால் நடந்தது இரண்டு கட்டம். 1897-ஐ ஒட்டி, சொந்தக்காரியான வெள்ளைக்காரம்மா தையல்கடையில் கொடுத்து நாகரிகத்துக்குத் தகுந்தபடி கையைக் குறைத்தார். வெட்டிய துண்டைத் தையல்காரர்கள் சுருட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவது அன்றும் வழக்கம், இன்றும் வழக்கம். ஜாக்கெட்டும் துண்டும் சேர்ந்தே கைமாறியிருக்கின்றன. திருடியதோ, ஏலத்தில் எடுத்ததோ, குப்பையில் பொறுக்கியதோ என்றால் வெட்டிய துண்டு சேர்ந்து வராது. "துரைசாணி கொடுத்தது" என்று அக்காவின் பெரியம்மா சொல்வாராம். அது குடும்பத்தில் யாரும் நம்பாத கதை. தையல் அந்தப் பெரியம்மா பக்கம் நிற்கிறது.

காசு கொடுத்து வாங்கியிருக்க முடியாதா என்று அக்கா கேட்டார். ஒப்பந்தக் கூலி ஆணுக்கு முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங், வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏற்றம், பெண்ணுக்கு அதில் பாதி. ஒப்பந்தம் முடிந்து நேட்டாலில் தங்குபவர்கள் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும் என்ற சட்டம் வந்தது 1895-ல். அந்த வரி பழைய கப்பல்காரர்கள் மேல் விழவில்லை என்றாலும், காற்று எந்தப் பக்கம் வீசியது என்பதற்கு அது போதும். இந்த ஜாக்கெட் புதிதாக இருந்த நாட்களில், 1894-ல், பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலித் தொழிலாளி எஜமானனிடம் அடிபட்டு, முன்பல் இரண்டு உடைந்து, கிழிந்த உடையோடு தலைத்துணியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி இதே டர்பனில் காந்தியின் எதிரில் வந்து நின்றார். வெள்ளைக்காரர் முன்னால் போனால் தலைத்துணியைக் கழற்ற வேண்டும் என்பது வழக்கம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் கழற்றியிருந்தார். காந்தி அதைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். யார் எதை உடுத்தலாம், எங்கே கழற்ற வேண்டும் என்பது அவ்வளவு எடை உள்ள விஷயமாக இருந்த ஊரில், தாடை முட்டும் கழுத்துப்பட்டியும் மணிக்கொடியும் உள்ள கறுப்புப் பட்டை ஒரு தமிழ்ப் பெண் தன் அளவுக்கு அகட்டிக்கொண்டாள்.

அகட்டியதோடு நிற்கவில்லை. பதினோரு உறையில் இரண்டு காலி. அக்குளுக்குக் கீழே இருந்த இரண்டு எஃகுப் பட்டைகளை உறையின் மேல் முனையைப் பிரித்து உருவிவிட்டு, திரும்பத் தைத்து மூடியிருக்கிறாள். அந்த இரண்டும் இல்லாவிட்டால் பக்கவாட்டில் குனியலாம், கையைத் தூக்கலாம். நூல் அதே இரட்டைப் பருத்தி. சுற்றுத் தையலின் சாய்வு வழக்கத்துக்கு மாறாக இருந்ததைப் பார்த்து இடக்கைக்காரி என்று எழுதத் துடித்தேன். சட்டையைத் தலைகீழாகப் பிடித்துத் தைத்தாலும் அதே சாய்வு வரும். எழுதவில்லை.

அட்டை

அக்காவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "அப்ப கப்பல்ல வரலையா?" என்றார். வரவில்லை. கப்பலில் வந்த பெண்மணிக்கு இந்த ஜாக்கெட் தைத்தபோது ஐம்பத்தைந்து வயதிருக்கும். அகட்டிய அளவு மார்பு முப்பத்தேழு அங்குலம். அவரும் போட்டிருக்கலாம், அவர் மகளும் போட்டிருக்கலாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த நீலத் துணி, அது யாரு வச்சதுனு தெரியுதா?" என்று கேட்டார். உங்கள் வீட்டுக் கை, அதற்கு மேல் சொல்ல முடியாது என்றேன். "வூட்டுக் கை" என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

செப்பனிட்ட விதம் சுருக்கமாக. துவைக்கவில்லை, இஸ்திரி போடவில்லை. மெல்லிய பிரஷ்ஷால் வலைத்துணிக்கு மேலே தூசி எடுத்தேன். பிளந்த பட்டின் மேல் கறுப்புச் சாயமிட்ட மெல்லிய வலையைப் போர்த்தி, வலையின் ஓரத்தைத் திடமான தையல் விளிம்போடு வளைந்த ஊசியால் பிடித்தேன். பிளவில் ஊசி குத்தினால் அடுத்த பிளவு அங்கேதான் ஆரம்பிக்கும். கைவளைவுகளில் அமிலமில்லாத மெல்லிய தாளைச் சுருட்டி வைத்தேன். எஃகுப் பட்டைகளை எடுக்கவில்லை, துருப்பட்ட முனைகளுக்கும் பட்டுக்கும் நடுவே ஒரு தடுப்பு மட்டும். காலி உறை இரண்டையும் காலியாகவே விட்டேன். அக்குளில் இரட்டை நூல் இரண்டு இடத்தில் அறுந்து தொங்கியது. அதையும் தொடவில்லை, அப்படியே படுக்க வைத்து வலைக்குள் மூடினேன்.

எப்படிக் காட்டுவது என்பதில் எங்களுக்குள் சண்டை. அக்காவுக்கு மணி வேலை தெரிய வேண்டும், எனக்கு உள்பக்கம் தெரிய வேண்டும். கடைசியில் சட்டையைத் தட்டையாகப் படுக்க வைத்து, முன்னால் ஒரு பக்கத்தை மட்டும் திறந்து மடித்தோம். வலது பக்கம் மணிக்கொடி. இடது பக்கம் மஞ்சள் மீன்முள்ளும் காலி உறையும் அக்குளில் நீலப்புள்ளித் துண்டும். பெட்டி ஜன்னல் இல்லாத சுவரோரம் இருக்கட்டும், விளக்கு உள்ளே வேண்டாம், கூட்டம் முடிந்ததும் டின்னில் மடிக்காமல் பெட்டியோடு கட்டிலடியில் தள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அட்டையை அவரே எழுதிக் கொண்டுவந்து காட்டினார். மேலே ஆங்கிலம், கீழே பேத்தி எழுதிய தமிழ், எழுத்து கோணல்மாணலாக: "கடையில் தைத்தது 1893–1896. வீட்டில் பிரித்துத் தைத்தது, பிறகு." பிறகு என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு வருஷம் எழுதி, அதை அழித்திருந்தது தெரிந்தது.